இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி

ஜூலை 6

பக்கத்து வீட்டு விதாதின் குழந்தை இஸ்கந்தருக்கு வயிற்றுப்போக்கு. குழந்தைகள் மருத்துவமனைக்கு நானும் துணைக்குப் போனேன். அங்கே டாக்டர் ரவ்தா புது முறை கொண்டுவந்திருக்கிறார். குடிக்க முடிகிற பிள்ளைக்கு இனி குளுக்கோஸ் பாட்டில் கிடையாது. தாழ்வாரத்தில் தாய் மடியில் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி உப்புச் சர்க்கரைக் கரைசல். மாலையில் வீடு.

விதாத் என்னிடம் கொதித்தாள். "கரண்டி எங்க வீட்லயும் இருக்கு சார்! இதுக்கா இந்த ஸ்ஃபாக்ஸ் ஊர் வெயில்ல பஸ் ஏறி வந்தேன்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. பாட்டில் தொங்கினால்தானே வைத்தியம்?

ஜூலை 8

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதித் தரட்டும் என்று தாய்மார்கள் கேட்டார்கள். இயக்குநருக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். 'சிக்கனம் என்ற பெயரில் ஏழைப் பிள்ளைகளை...' பதினேழு கையெழுத்து. நல்ல கடிதம்.

ஜூலை 11

வென்றோம். மறுபடி எல்லோருக்கும் பாட்டில். இஸ்கந்தருக்கும் திரும்பப் போக்கு, சேர்த்தாயிற்று.

ஜூலை 13

காலைச் சாப்பாடு கொண்டுபோனேன். கையில் குழாயோடு இஸ்கந்தர் என் கண்ணாடியைப் பிடுங்கி விளையாடினான். அப்போதுதான் கெர்க்கென்னா தீவிலிருந்து படகில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வயது. கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லை. பன்னிரண்டு கட்டிலும் நிறைந்திருந்தது.

நர்ஸ் நஜ்லா என்னிடம் திரும்பினாள். "இதுல பத்துப் பேர் வாயால குடிக்க முடியற பிள்ளைங்க. யாரை எழுப்பட்டும்? நீங்களே சொல்லுங்க சார், லெட்டர் எழுதினது நீங்கதானே?"

விதாத்தான் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலை விட்டு எழுந்தாள்.

தீவுக் குழந்தைக்கு மூன்றாவது குத்தலில் நரம்பு கிடைத்தது. மதியத்துக்குள் அந்தச் சிறுமி கண் திறந்தாள். திறக்காமல் போயிருந்தால் — என்னடா பண்ணி வச்சே நீ?

ஜூலை 14

டாக்டர் ரவ்தாவிடம் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. "நானும் உத்தரவுதான் போட்டேன் சார். ஏன்னு எந்தத் தாய்கிட்டயும் உக்காந்து சொல்லல."

ஜூலை 16

கரண்டி முறையைத் திரும்பக் கொண்டுவரக் கேட்டு இரண்டாவது கடிதம். வீடு வீடாக ஏறி இறங்கினேன். வாடிய பூந்தொட்டியை உதாரணம் சொன்னேன்: வாளியைக் கவிழ்த்தால் நீர் ஓடிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் மண் குடிக்கும்.

"போன வாரம் ஒண்ணு, இந்த வாரம் ஒண்ணு. வெயில் தலைக்கேறிடுச்சா சார்?" என்றாள் ஒருத்தி. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கேட்டாள். மொத்தம் ஒன்பது.

ஜூலை 21

இயக்குநர் சம்மதித்தார். ஒரு மாதம் பார்க்கலாமாம்.

ஜூலை 29

தாழ்வாரத்தில் எட்டுத் தாய்மார்கள். கடிகாரம் பார்ப்பது என் வேலை. பூந்தொட்டிக் கதையை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், ரெண்டு நிமிஷம் தாண்டியாச்சு! கதையை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் ஒரு தாய்.

எட்டுக் கரண்டிகளும் ஒன்றாகக் கிண்ணத்தில் இறங்கின. உள்ளே மூன்று கட்டில்கள் காலி.