மூன்றாவது மாடியில் உன் அம்மா பாடுகிறாள்

அன்பு வாண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பு என்று பார்த்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் தன் பாட்டுக்குக் கிடக்கிறது. அம்மாவோ என்னைவிடப் பத்து மடங்கு நன்றாக இருக்கிறாள், அதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா, அந்தக் குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குகிறாயா, இல்லை பழையபடி வெறுங்காலோடு கிடந்துவிட்டுக் காலையில் மூக்கை உறிஞ்சுகிறாயா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்ப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதத்தை நடுவில் யாரும் கையிலிருந்து பிடுங்க முடியாது பார்.

லிஃப்ட் கம்பெனியை விட்டு நான் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். அதில் மூன்று வருஷத்துக்கு மேல் உன் அம்மா குடிநீர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள், நான் வீட்டைப் பார்த்துக்கொண்டேன். சமைக்கக் கற்றுக்கொண்டேன், துணி மடிக்கக் கற்றுக்கொண்டேன், சாயங்காலம் கேட் சத்தம் கேட்டதும் டீக்கு அடுப்பைப் பற்ற வைப்பேன். அவளும் ரிடையர் ஆகட்டும், இரண்டு பேரும் காலாற நடக்கலாம், மத்தியானம் சேர்ந்து சாப்பிடலாம், எங்காவது நாலு இடம் போய் வரலாம் என்று மனசுக்குள் கோட்டை கட்டி வைத்திருந்தேன். அவளும் ரிடையர் ஆனாள். ஒரு வாரம் வீட்டில் இருந்தாள், அதிலும் பாதி நாள் தூங்கினாள். மறுவாரம் எதிர் வீட்டுத் தையல்கார அம்மா வந்து, லைப்ரரிக்கு மேலே மூன்றாவது மாடியில் வயசானவர்களுக்கென்று ஒரு மன்றம் இருக்கிறது, வா என்று கூப்பிட்டாள். "சும்மா பாத்துட்டு வரேங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். கல்யாணமாகிக் கடல் கடந்து போன நீகூட வருஷத்துக்கு ஒருமுறை வீட்டில் தங்குகிறாய். உன் அம்மா தங்குவதில்லை. நான் இலவு காத்த கிளி ஆனேன்.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் சேர்ந்து பாடுகிற வகுப்பு. செவ்வாய் கம்ப்யூட்டர். புதன் படம் வரைவது. வெள்ளிக்கிழமை யாரோ ஒருவர் வந்து நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுகிறாராம். வீட்டில் பல்பு பீஸ் போனால் அண்ணாந்துகூடப் பார்க்காதவளுக்கு இப்போது வியாழனுக்கு எத்தனை நிலா என்று தெரிந்திருக்கிறது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "நீங்களும் வாங்களேன், யாரு வேண்டாம்னா?" என்கிறாள். எனக்கென்ன தலையெழுத்தா, இந்த வயசில் பெஞ்சில் உட்கார்ந்து கை தூக்க என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம்.

இதையெல்லாம்கூட விழுங்கிக்கொண்டேன். ஒருநாள் தையல்கார அம்மா பால் வாங்கப் போகும்போது என்னை நிறுத்தி, "உங்க வீட்டம்மா பாடினா நாங்கல்லாம் வாயைத் திறக்கவே கூச்சப்படறோம், தனியா ஒரு பாட்டு அவங்களுக்குன்னே ஒதுக்கியாச்சு" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. நீ பிறந்து வளர்ந்து போகிற அளவுக்கு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம், அவள் பாடி நான் கேட்டதே இல்லை. ஊரே கேட்டிருக்கிறது. வந்ததும் கேட்டேன், நீ பாடுவாயா என்று. "வீட்டுல பாட்டு எடுத்தா பாதியில குக்கர் கத்தும், இல்லேன்னா வாசல்ல மணி அடிக்கும். அங்க பாட்டு முழுசா முடியுதுங்க" என்றாள். சரி, இப்போது பாடேன், குக்கரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ஒத்தையில வராது, போங்க" என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டாள். பாத்ரூம் கதவருகே கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

மறு வியாழக்கிழமை லைப்ரரிக்குப் பேப்பர் படிக்கப் போனேன். பேப்பர் வீட்டுக்கே வருகிறது, அதைக் கேட்காதே. மாடிப்படிக்கு எதிரே ஒரு நாற்காலியைப் பிடித்து, பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது, எல்லாரும் படியேறித்தான் போக வேண்டும். உன் அம்மா வந்தாள், கூடவே ஒரு ஆள். நல்ல உயரம், வெள்ளைத் தாடியைச் சீராக வெட்டியிருந்தார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராக இருந்தவராம், மன்றத்தில் அவருக்கு மயக்க டாக்டர் என்றே பெயர். வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரைத் தூங்க வைத்துவிட்டு இப்போது பாட வந்திருக்கிறார். அவருக்கு மூட்டுவலி, அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்கிறார்கள், நின்றால் பேச்சு, பேசினால் சிரிப்பு. உன் அம்மாவின் பையை அந்த மனுஷன் தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்தப் பையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாடிக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் பேப்பரை வரி விளம்பரம்வரை படித்துவிட்டேன், ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. வயிறு எரிந்தது, வாண்டு. அறுபத்து நாலு வயசில் இதை மகளுக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் சொல்ல?

அன்றைக்கே நேராக மன்றத்துச் செயலாளரிடம் போய், லிஃப்டை நான் சரி செய்து தருகிறேன் என்றேன். படி இல்லையென்றால் படியில் நின்று பேச முடியாது அல்லவா. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மேலே மோட்டார் அறையில் புறா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பிரேக் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, கதவு சுவிட்சுகள் போயிருந்தன, ரோப் மாற்ற வேண்டியிருந்தது. பழைய கம்பெனியில் சொல்லி ஆட்களை வரவழைத்தேன், கூடவே நின்று வேலை வாங்கினேன், இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். முதல் நாள் லிஃப்ட் ஓடியபோது எல்லாரும் கை தட்டினார்கள், ஒரு அம்மா எனக்கு ஆசீர்வாதம்கூடச் செய்தாள். உன் அம்மாவின் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கோ, முதல் சவாரியில் கதவு மூடும்போது உள்ளே அவளும் டாக்டரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து உன் அம்மா கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கிளம்பும்போதே அது மேஜைமேல் இருந்ததை நான் பார்த்தேன், சொல்லவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் வகுப்பை எட்டிப் பார்க்கலாமே. லிஃப்டில் ஏறினேன், கதவு மூடப் போகிற நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்தது, மயக்க டாக்டர். அவர் அன்றைக்குத் தாமதம். இரண்டாவது மாடி தாண்டியதும் கரண்ட் போய்விட்டது. கரண்ட்தான் போனது, என் வேலையில் குற்றமில்லை, இதை நீ குறித்துக்கொள். கும்மிருட்டு. அவ்வளவு பெரிய மனுஷன் கதவைப் பிடித்துக்கொண்டு இரைக்க ஆரம்பித்துவிட்டார். மூடின இடத்தில் இருட்டு என்றால் அவருக்கு ஆகாதாம். "கயிறு அறாது டாக்டர், நான் பொறுப்பு. நூறுலேர்ந்து கீழ எண்ணுங்க, மயக்க ஊசி போட்டு நீங்க எத்தனை பேரை இப்படி எண்ண வெச்சிருப்பீங்க" என்றேன். எண்ணினார். எழுபதுக்கு வரும்போது மூச்சு சீரானது, தரையில் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். இருட்டு கொடுத்த தைரியத்தில் கேட்டேவிட்டேன், "படியில என் வீட்டம்மாகிட்ட அப்படி என்னதான் பேசுவீங்க?" என்று.

வலிக்கிற காலை நீட்டிக்கொண்டார். அப்புறம் சொன்னார், தன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுக்குப் போனால் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்க ஆளில்லை என்று ஒருநாள் வருத்தப்பட்டாராம். அதற்கு உன் அம்மா சொன்ன பதிலை அப்படியே சொன்னார்: "எங்க வீட்டுல கேக்க ஒருத்தர் இருக்கார் டாக்டர். கதவைத் திறக்கும்போதே என் முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். அவர்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது, என்கிட்டேர்ந்துதான் எல்லாம் வரணும். பாவம், நல்ல மனுஷன். ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே வாழ வேண்டியிருக்கு." சொல்லிவிட்டு, "கோவிச்சுக்காதீங்க, நீங்க கேட்டீங்கன்னுதான்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அந்த வார்த்தையை என்னிடம் சொல்லாமல் இந்த மனுஷனிடம் சொன்னாளே என்றுதான் இருந்தது. அப்போது மேலே பாட்டு ஆரம்பித்தது. கரண்ட் இல்லை என்று வகுப்பை அவர்கள் நிறுத்தவில்லை. சொல்லிக் கொடுப்பவள் போக்குவரத்துப் போலீஸில் இருந்தவள், லேசில் எதையும் நிற்க விடமாட்டாள். முதலில் எல்லாரும் பாடினார்கள், பிறகு எல்லாரும் அடங்கி ஒரே ஒரு குரல். லிஃப்ட் கூண்டுக்குள் அது மேலிருந்து இறங்கி வந்தது. மெல்லிய குரல் என்று நினைத்திருந்தேன், இல்லை, கனமான குரல், ஓரத்தில் லேசாகக் கரகரப்பு. நான் டாக்டரிடம் யார் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருட்டில் அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று அப்போதும் ஒரு எரிச்சல் வந்தது எனக்கு, பார்த்துக்கொள். கரண்ட் வந்ததும் கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தனுப்பிவிட்டுப் படிவழியே இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை. "என்ன, உம்முனு இருக்கீங்க?" என்றாள், ஒன்றுமில்லை என்றேன். மூன்றாம் நாள் போய் மண்ணில் பாத்திரம் வனைகிற வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன், சனிக்கிழமை, அவளுக்கு எந்த வகுப்பும் இல்லாத நாள். அவளிடம் சொல்லவில்லை. இரும்பையே பிடித்துப் பழகின கை, மண்ணை லேசாகத் தொட்டாலே அது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. பக்கத்தில் உட்காருகிற ஓய்வுபெற்ற நீதிபதிக்கு என்னைவிட மோசமாக வருகிறது, அதில் ஒரு திருப்தி. முதல் சனிக்கிழமை நான் திரும்பி வந்தபோது உன் அம்மா கூடத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க போனீங்க, நகத்துல என்ன மண்ணு?" என்றாள். உடனே சொல்லிவிடவில்லை. கை கழுவினேன், தண்ணீர் குடித்தேன், அப்புறம் சாவகாசமாக ஆரம்பித்தேன். நீதிபதியின் ஜாடி சக்கரத்திலிருந்து பறந்து போய் ஜன்னலில் ஒட்டிக்கொண்ட கதையைச் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். படியில் சிரித்தாளே, அதே சிரிப்பு. அதைப் பார்க்க எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மன்றத்தின் பாட்டு நிகழ்ச்சி நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்தால் தனக்குப் பாட்டு மறந்துவிடும் என்றாள், அதனால் கடைசி வரிசைக்குப் போனேன். மயக்க டாக்டர் அவளுக்கு நேர் பின்னால் நின்றார், சட்டையெல்லாம் கஞ்சி போட்டு. அவர்களாகவே எழுதின பாட்டுதான், மழைக்குக் காத்திருக்கிற ஒருத்தி பாடுவதுபோல. உன் அம்மா ஒரு அடி முன்னால் வந்து பாட ஆரம்பித்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பாதியில் அதை விட்டுவிட்டாள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் யாருடனோ வந்தவர், என்னைத் தெரியாதவர். என் காதருகே குனிந்து, "யாருங்க இந்தம்மா, இப்படிப் பாடறாங்க?" என்று கேட்டார்.

என் மனைவி என்று சொல்ல வாய் திறந்தேன். "தெரியலைங்க, நானும் இப்பதான் கேக்கறேன்" என்றுதான் வந்தது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நன்மையும் வரட்டும், நினைத்தது கைகூடட்டும், வீட்டில் எப்போதும் பேச்சுச் சத்தம் இருக்கட்டும். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றாயே, இந்த வாரமே போன் செய்து விசாரி, பெரியவர்கள் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்வார்கள். இதில் எழுதியிருக்கிற எதையும் அம்மாவிடம் மூச்சு விடாதே, குறிப்பாக டாக்டர் சமாச்சாரத்தை.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா