ஸ்கார்த் உச்சியில் ஒரே ஒரு குழி

தோரன்பி,
9 ஜூன் 1994

அன்புள்ள லினட்டுக்கு,

இங்கே நானும் என் அறுபத்திரண்டு ஆடுகளும் சௌக்கியம், இடது முட்டி மட்டும் சௌக்கியம் இல்லை, அதற்கான காரணம் கீழே வரும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் நீலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை அதிகம், அதனால்தான் பதில் போடவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் உண்மையில் கோபத்தில்தான் போடவில்லை. அந்த மொட்டை மேட்டுக்காக இந்த வயசில் ஏன் மல்லுக்கு நிற்கிறாய், ஆடுகளை விற்றுவிட்டு வின்னிபெக்குக்கு வந்துவிடு, கீழ் அறை காலியாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்ல மனசோடு எழுதினாய், அது தெரியாமல் இல்லை. ஆனால் லினட், கண்ணுக்கு எட்டின மட்டும் தட்டையாகக் கிடக்கும் ஊரில் நான் எதன்மேல் ஏறி நின்று வானிலை பார்ப்பேன்? நான் வரமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம்.

எஸ்டேட்டை வாங்கிய லவல் என்ற ஆளைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அந்த ஆள் கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒரு வரைபடத்தோடு வந்து, ஊரின் எல்லை பாதி மலையில் இருக்கும் கல்சுவரோடு முடிகிறது, அதற்குமேல் ஸ்கார்த் உச்சி முழுவதும் தன்னுடையது, செப்டம்பரில் முள்கம்பி போட்டுக் கதவைப் பூட்டப் போகிறேன் என்று சொன்னான். கௌதாரி சுட வரும் அவன் விருந்தாளிகளுக்கு ஆடுகள் இடைஞ்சலாம். "நீங்க கீழ எங்கயாவது மேய்ச்சுக்கலாமே, புல்லு எங்க இருந்தா என்ன மேடம்?" என்று கேட்டான். ஆட்டைத் தட்டில் மட்டும் பார்த்தவன் வேறு எப்படிக் கேட்பான்? நம் ஆடுகள் அந்த உச்சியிலேயே வளர்ந்தவை, தாய் எதுவரை போகுமோ அதுவரைதான் குட்டி போகும், நூறு வருஷமாக வேலியே இல்லாமல் நிற்கின்றன. வேறு மலையில் விட்டால் ஒரு வாரத்தில் பாதி தொலையும். உச்சி போனால் மந்தை போச்சு, மந்தை போனால் இந்த வீட்டில் நான் உட்கார்ந்து என்ன செய்வது, ஜன்னலைத் துடைப்பதா?

சர்ச் பெட்டியில் இருக்கும் பழைய பத்திரத்தில், உச்சியில் உள்ள எல்லைக்கல் வரைக்கும் ஊர்ப் பொது மேய்ச்சல் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கல்லைக் காட்டுங்கள் என்று கவுண்ட்டி அலுவலகத்திலிருந்து ப்ரியர்லி என்ற பெண் அதிகாரி வந்தாள். கல் ஏன் கண்ணில் படவில்லை என்ற கதையை அவளிடம் நான்தான் சொல்லவேண்டி வந்தது. நாற்பதாம் வருஷம் ஜெர்மன்காரன் வந்து இறங்கினால் எந்த ஊர் என்று தெரியக்கூடாது என்று வழிப்பலகைகளை எல்லாம் பிடுங்கினார்கள், நம் ஊர்க்காரர்கள் அதோடு விடாமல் உச்சியில் புதைமேட்டோரம் இருந்த, ஊர்ப்பெயர் வெட்டிய எல்லைக்கல்லையும் பிடுங்கிச் சுமந்துபோய்ப் புதைத்தார்கள். புதைத்தது இரண்டே பேர், என் அப்பாவும் உன் அப்பாவின் அப்பாவும். அன்றைக்கு ஒரே பனிமூட்டம். யுத்தம் முடிந்ததும் என் அப்பா ஒரு இடத்தைக் காட்டினார், என் மாமனார், உன் வெதரில் தாத்தா, நாற்பது அடி தள்ளி வேறு இடத்தைக் காட்டினார். தோண்டிப் பார்த்திருக்கலாமே என்று அந்தப் பெண் கேட்டாள். "எடம் தெரிஞ்சவன் எதுக்கும்மா தோண்டணும்? சந்தேகப்படறவன் தோண்டட்டும்"னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க என்றேன். ஐம்பத்துநாலு வருஷமாகவா என்றாள். ஆமாம் என்றேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டாள். நாம் எவ்வளவு பெரிய முட்டாள்கள் என்பது வெளியாளிடம் சொல்லும்போதுதான் நமக்கே காதில் விழுகிறது.

ஏழு வருஷத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து எல்லையைச் சுற்றி நடக்கும்போது பிள்ளைகளைத் தலைகீழாகப் பிடித்துக் கல்லில் தலையை முட்டவைத்தால் ஆயுசுக்கும் இடம் மறக்காது என்பார்கள். உன்னை இரண்டு இடத்திலும் முட்டினோம், ஒன்றில் நான், ஒன்றில் உன் அப்பா, நீ அழுதது இரண்டாவது இடத்தில்தான். கல் புதைவதற்கு முன்பே முட்டுப்பட்ட கிழவர் செப்டிமஸ் ஒருவர்தான் இப்போது உயிரோடு இருக்கிறார், அவரைக் கேட்டோம். "தலகீழாப் புடிச்சா எனக்கு என்னடி தெரியும், வானம்தான் தெரிஞ்சுது" என்றுவிட்டார்.

உச்சியில் மூவாயிரம் வருஷத்துப் புதைமேடு இருப்பதால் கண்டபடி தோண்ட அனுமதி கிடையாதாம். மூன்றடிக்கு மூன்றடி, ஒரே ஒரு குழி, ஜூன் நான்காம் தேதி, அதிகாரி முன்னிலையில். கல் கிடைத்தால் உச்சி ஊருக்கு, கிடைக்காவிட்டால் லவலின் வரைபடம் நிற்கும். சர்ச் அறையில் கூட்டம் போட்டார்கள், என் பிறந்த வீட்டு ஆட்கள் ஒரு பக்க நாற்காலிகளில், வெதரில் ஆட்கள் மறுபக்கம், நடுவில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒரு மணிநேரக் கத்தலுக்குப் பிறகு, டோரா அங்கே பிறந்தவள், இங்கே வாழ்க்கைப்பட்டவள், அவளே சொல்லட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். வெளியே வரும்போது உன் வில்ஃப் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, செத்துப்போன அப்பாவப் பொய்யனாக்கிடாத" என்றான். உன் மேபல் அத்தை பின்னிக்கொண்டிருந்த காலுறையை மடித்துவைத்து, "எந் தம்பி உங்கிட்ட ஒரு தடவயாவது பொய் சொல்லியிருக்கானா டோரா?" என்று மட்டும் கேட்டாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

என் அப்பா கணக்கில் புலி, புதைமேட்டிலிருந்து கிழக்கே நூற்றிருபது காலடி வைத்து நடந்தோம் என்று கடைசிவரை சொன்னார். வெதரில் வீட்டில் யாரும் எதையும் எண்ணமாட்டார்கள், பாறைப் பிளவு நடுவில் சர்ச் கோபுரம் தெரியும் இடம் என்பது அவர்கள் வாதம். பனிமூட்டத்தில் கோபுரம் எப்படித் தெரிந்தது, உங்கள் அப்பா மூக்கில் டார்ச் லைட் வைத்திருந்தாரா என்று உன் அப்பாவைக் கேட்டுக்கேட்டே முப்பத்திரண்டு வருஷம் ஓட்டினேன். மூட்டம் ஒரு நிமிஷம் விலகும் டோரா என்பார், அதற்குமேல் பேசமாட்டார். வாயாடி ஜெயித்ததையெல்லாம் நியாயத்தில் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

மே கடைசியில் ஒரு நாள், கால் ஒடிந்த ஆடு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சியைக் கடந்து வந்தேன். புதைமேட்டில் ஏறி இறங்கியதும் பழக்கதோஷத்தில் அடியை எண்ண ஆரம்பித்தேன். காற்று, ஈரப் புதர், காலடியில் கறுப்புச் சேறு, ஆள்காட்டிகள் தலைக்குமேல் கத்திக்கொண்டே வந்தன. நூற்றிருபது எண்ணி நின்ற இடம் என் அப்பாவின் இடம் இல்லை. நாற்பது அடி முன்னாலேயே நின்றுவிட்டேன். ஆட்டை இறக்கி வைத்துவிட்டு, புதைமேட்டிலிருந்து வெறுங்கையோடு மறுபடி நடந்தேன், என் அப்பாவின் இடத்துக்கே போய்விட்டேன். மறுபடி ஆட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், மறுபடி இங்கே. சுமையோடு நடக்கிறவன் அடி குட்டை. என் அப்பா எண்ணியது கல்லைச் சுமந்துகொண்டு, யுத்தத்துக்குப் பிறகு அளந்து காட்டியது கையை வீசிக்கொண்டு. எண் சரி, இடம் தப்பு. நிமிர்ந்து பார்த்தால் பிளவு நடுவில் கோபுரம் நிற்கிறது. ஆடு பாவம் என்னை இரண்டு முறை சுமக்கவைத்தது, முட்டி போனது அன்றைக்குத்தான்.

நான்காம் தேதி ஊரே மேலே வந்திருந்தது. லவல் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு, நாற்காலி வேறு கொண்டுவந்து உட்கார்ந்திருந்தான். எங்கே என்று ப்ரியர்லி கேட்டதும் நான் உன் அப்பாவின் இடத்தில் போய் நின்றேன். "அக்கா!" என்று வில்ஃப் கத்தினான். "வாய மூடிட்டு மண்வெட்டிய எடுத்துட்டு வாடா, அப்பா எண்ணினது சரிதான், அளந்ததுதான் தப்பு" என்றேன். முறைத்துக்கொண்டே வந்தான், ஆனால் வந்தான். இரண்டடிவரை ஒன்றும் இல்லை. லவல் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மேடம், குளிருது, வயசானவங்க கீழ போயிடலாமே" என்றான். "எங்க ஊரு உச்சியில எனக்குக் குளிரலப்பா, உனக்குக் குளிருதுன்னா கதவு தொறந்துதான் இருக்கு, இன்னும் யாரும் பூட்டல" என்றேன். செப்டிமஸ் சிரித்த சிரிப்பில் பல்செட் கீழே விழுந்தது. மூன்றடிக்குக் கொஞ்சம் முன்னால் மண்வெட்டி டங்கென்று நின்றது. வில்ஃப்தான் குழிக்குள் இறங்கிக் கையால் சேற்றை வழித்தான், வெட்டிய எழுத்து விரலில் பட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ப்ரியர்லி படம் எடுத்தாள், அளந்தாள், எழுதினாள். லவல் நாற்காலியை மடிக்கத் தெரியாமல் விரித்தபடியே தூக்கிக்கொண்டு போனான். பூட்டும் இல்லை கம்பியும் இல்லை என்று நேற்று அலுவலகக் கடிதம் வந்துவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள், கட்டிப்பிடித்தார்கள், நானும் சிரித்தேன். மேபல் மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள். என் புருஷன் கிளிஃபர்ட் சொன்னது சரி என்று அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னேன். காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது, பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது, லினட். லவலிடம் விட்டுக்கொடுக்காமல் நின்றதற்கு ஊர் என்னைப் புகழ்கிறது. அதே பிடிவாதத்தை அந்த மனுஷனிடமும் காட்டினேன், ஒருநாள் அவர் காட்டிய இடத்தில் அவரோடு நின்று அந்தக் கோபுரத்தைப் பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? இது எனக்குத் தாங்கவில்லை. உன்னிடம்தான் சொல்லமுடியும்.

அதனால் ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். ஊரை எதிர்த்து நில், அதிகாரியை எதிர்த்து நில், தேவைப்பட்டால் என்னையும் எதிர்த்து நில், ஆனால் வீட்டுக்குள் மாப்பிள்ளை சொல்வது சரி என்று தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடு. நீலுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்புகிறேன், கை நீளத்தை அளந்து எழுது. தொண்ணூற்றாறு மே மாதம் எல்லை நடக்கிற வருஷம், அவனைக் கூட்டிக்கொண்டு வா, இனிமேல் ஒரு இடத்தில் முட்டினால் போதும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், பயம் இல்லாமல் இருக்கவேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், இப்படி ஒன்றை நான் எழுதுவது இதுவே முதல் தடவை.

உன் அப்பா காட்டிய இடம்தான் சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடும்,
உன் அம்மா
டோரா வெதரில்