பின்னால வர்றாங்கோ

என் அலமேலு அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் காப்பி கிடைக்கிறதா? கிடைத்தால் அதில் சிக்கரி எவ்வளவு என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய். போட்டவரைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்டும் இருப்பாய். கேட்காமல் உன்னால் இருக்க முடியாது.

நீ போன பிறகு ராயபுரத்தில் எத்தனையோ சேதி. டிராம் வண்டியை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளம் மட்டும் கிடக்கிறது, அதில் சைக்கிள் சக்கரம் மாட்டி நாலு பேர் விழுந்து எழுந்திருக்கிறார்கள். நம் பிரசவ விடுதிக்குப் புதுப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். கத்தரிக்கோலைக் கொதிக்கப் போடு என்றால் ஏன், எதற்கு என்று கேட்கிறாள். உன்னை மாதிரியே வாய். உன் தோல் பை என்னிடம்தான் இருக்கிறது, வார் அறுந்து காசிமேட்டில் தைத்து வாங்கினேன்.

இதெல்லாம் சில்லறைச் சேதி. பெரிய சேதி இதுதான்: கொருக்குப்பேட்டை அண்ணாச்சி கடையில் உள்ளே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டேன். எப்படி இருக்கிறதென்று வந்து சொல்லச் சொன்னாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை இன்னும் நாலு பேர் படிப்பார்கள், அவர்களுக்கும் விவரம் தெரிய வேண்டும். நாம் இரண்டு பேரும் கார்ப்பரேஷன் மருத்துவச்சிகள். ராயபுரத்தில் ஆரம்பித்துத் திருவொற்றியூர் வரைக்கும் எந்தச் சந்தில் வலி கண்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளை பிறந்து, தாயைக் கழுவித் துடைத்து, தெருவுக்கு வந்தால் பொழுது விடிந்திருக்கும். பசி வயிற்றைப் பிடுங்கும். பிரசவ வீட்டில் நமக்கு யார் அடுப்பு மூட்டுவார்கள்?

அந்த நேரத்தில் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்த ஆண்கள் காப்பி கிளப்புகளில் வரிசையாக உட்கார்ந்து ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். நீ ஒருநாள் ரயிலடியில் ராவ் கிளப் வாசலில் நின்றுவிட்டாய். "நாமளும் தானே முழிச்சிகினு வேலை செஞ்சோம்? வாடி மணி, உள்ள போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். நான் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டி மண்டி வைத்தவர் மகள் காப்பி கிளப்பில் உட்காருவதா? அப்பா காதில் விழுந்தால் மண்டியை மூடிவிட்டு ஊருக்கே போய்விடுவார் என்று நினைத்தேன்.

ராவ் நம்மைப் பார்க்கவில்லை. நமக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "கூட யாரும்மா?" என்றார்.

"பின்னால வர்றாங்கோ," என்றாய் நீ, கண்ணை இமைக்காமல்.

அவ்வளவுதான். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று திரை போட்ட அறைக்கு அனுப்பினார், இரண்டு டபராவில் நுரை ததும்பக் காப்பியும் வந்துவிட்டது. வருகிறவர் யார், எப்போது வருவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். வர்றாங்கோ என்றால் போதும். ஒருத்தரை மரியாதையாகச் சொன்னாலும் அதே சொல்தான், ஒரு கூட்டத்தைச் சொன்னாலும் அதே சொல்தான்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் இந்த வட்டாரத்துக் காப்பிக் கடைகளை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். நீ முதலில் மோந்து பார்ப்பாய், அப்புறம் ஒரு வாய், அப்புறம் தீர்ப்பு. ராவ் கிளப்பில், "பால் நல்ல மனுஷன், டிகாஷன்தான் கஞ்சன்." காசிமேட்டுக் கரையில் கருப்பட்டி போட்டுக் கொடுத்ததற்கு, "இது காப்பி இல்லே, கசாயம். ஆனா ஒடம்புக்கு நல்லது." தண்டையார்பேட்டையில் மண்ணெண்ணெய்க் கிடங்குக்கு எதிர்க் கடையில், "மணி, பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்கலியே? பார்த்துக் குடி." சர்க்கரைக்கு ரேஷன் இருந்த நாளில்கூட நாம் ஒரு கடையையும் விடவில்லை.

திருவொற்றியூர் தேரடிக் கடையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு அடங்காது. நீ வழக்கம்போல வர்றாங்கோ சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாய். கொஞ்ச நேரத்தில் குடையும் கையுமாக ஒரு குமாஸ்தா கடைக்குள் வந்திருக்கிறார். பின்னால் வருகிறவர் இவர்தான் என்று கடைக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"வா சார், வா. வூட்ல உள்ள குந்திகினு கீறாங்கோ."

வூட்ல என்றால் நம்ம ஊரில் சம்சாரம் என்று அந்த மனுஷருக்குத் தெரியாதா? ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறார் போல. முகம் வெளுத்து, குடையை மார்போடு அணைத்துக்கொண்டு திரையை விலக்கினார். பார்த்தால் வெள்ளைச் சேலையில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள். சொந்தப் பெண்டாட்டி இல்லை என்ற நிம்மதியில் குடையைக் கீழே இறக்கினார்.

"குந்துங்கோ. காப்பி ஆறிப் போவுது," என்றாய் நீ.

அவரும் உட்கார்ந்தார்! வரப்போகிறவருக்கென்று வந்திருந்த மூன்றாவது காப்பியைச் சத்தமில்லாமல் குடித்தார், கும்பிட்டார், போய்விட்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தேன்.

அன்றைக்குத் திரும்பும் வழியெல்லாம் சிரித்தோம். சுங்கச்சாவடி தாண்டியதும் நீ சொன்னாய். "அந்த வார்த்தை எனக்கு எங்கேர்ந்து வந்துச்சி தெரியுமா? ஜப்பான்காரன் சண்டைக்கு பயந்து ரங்கூன்ல என்னைக் கப்பல் ஏத்துனப்போ எங்கூட்டுக்காரரு சொன்னாரு. நீ முன்னால போ அலமு, நான் பின்னால வர்றேன்னாரு." சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சண்டை ஓய்ந்து, பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள்கூட வந்து சேர்ந்திருந்தார்கள். உன்னவர் வரவில்லை. கடைக்குக் கடை நீ அதைச் சொன்னது விளையாட்டுக்கா, வேண்டுதலா? கேட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை அக்கா.

அந்தச் சொல் செல்லாத கடை ஒன்றே ஒன்றுதான். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டி அண்ணாச்சி வைத்திருந்தது. என் ஊர்ப் பக்கத்து ஆள். கொட்டையை அவரே வறுத்து அவரே அரைப்பார். அந்த வாசனை ரயில்வே கேட் தாண்டி வந்து ஆளைக் கூப்பிடும். ஆனால் கடையில் திரை இல்லை, தனி அறை இல்லை. நீளமான இரண்டு பெஞ்சு, அதில் மூட்டை தூக்குகிறவர்கள்.

"பொம்பளையாளு இருக்க இடமில்லையே தாயி," என்றார். "தூக்குச்சட்டி கொண்டாங்க, ஊத்தித் தாரேன்."

"தூக்குல வாங்கிகினு எங்க போயி குடிக்கிறது? கேட்டாண்ட நின்னுகினா?" என்றாய் நீ. அப்புறம் கொஞ்சம் இறங்கி, "பின்னால வர்றாங்கோ," என்றாய்.

"அவுக வரட்டும் தாயி. வந்த பொறவு பாப்போம்," என்றார் அண்ணாச்சி.

மரியாதையாகத்தான் சொன்னார். நாம் இரண்டு பேரும் வராத ஆளுக்காக வாசலில் நின்றோம். உடனே கிளம்பிவிடாமல், நிஜமாகவே யாரோ வரப்போகிற மாதிரி நீ தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்புறம் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு நாளு உள்ள குந்திதான் குடிக்கணும் மணி," என்றாய்.

மஞ்சள் காமாலையில் படுத்தபோதும் அதே நினைப்பு. பத்தியம் என்று காப்பியை நிறுத்திவிட்டார்கள், டாக்டரம்மாவை நீ பேசின பேச்சு வார்டு முழுக்கக் கேட்டது. என்னைக் கூப்பிட்டு, "நீ போயி அந்த அண்ணாச்சி கடைல குந்தி குட்ச்சிட்டு வா. எப்டி கீதுன்னு சொல்லு. அது போதும் எனக்கு," என்றாய். நீ எழுந்து வா, சேர்ந்தே போகலாம் என்று நான் சொன்னேன். அந்த வாரமே போய்விட்டாய்.

அதற்கப்புறம் அந்தப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. குடித்துவிட்டு வந்து யாரிடம் சொல்வது?

போன மாசம் யார்டுக்குப் பின்னால் ஒரு பிரசவம். தலைச்சன் பிள்ளை, ரொம்பப் படுத்திவிட்டது. பிள்ளை அழுததும் வெளியே வந்தேன். உன் பை தோளில் இருந்தது. வறுக்கிற வாசனை வந்தது. அவ்வளவு நாள் சேர்த்து வைத்த துக்கம் எங்கே போனதோ தெரியவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. நேரே கடைக்குள் ஏறினேன்.

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சிக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனால் ஆளை மறக்கவில்லை. "கூட யாரும் வாராவளா தாயி?" என்றார்.

உன் வாய்தான் அக்கா பேசியது. "பின்னால வர்றாங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் என்னால நிக்க முடியாது, கால் வலிக்குது," என்று சொல்லிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த ஆள் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"இது அலமேலம்மா பையில்ல? எம் பொண்ணு பொறந்தப்போ வந்தாங்களே! நல்லா குந்தும்மா," என்று நகர்ந்து இடம் விட்டார். "இன்னா அண்ணாச்சி பாத்துகினு கீறே? காப்பி ஊத்து."

அண்ணாச்சி ஊற்றினார்.

இப்போது தீர்ப்பு. மனசைத் திடப்படுத்திக்கொள். வாசனை முதல் தரம், இந்த வட்டாரத்தில் அதை அடிக்க ஆள் இல்லை. காப்பி சுமார்தான் அக்கா! பாலில் தண்ணீர், சர்க்கரை வாரிக் கொட்டியிருக்கிறது. தேரடிக் கடைப் பக்கத்தில்கூட வராது. இதற்கா நாம் வாசலில் நின்றோம் என்று தோன்றியது. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. அத்தனை ஆம்பளைகள் நடுவில் மூக்கைச் சிந்திக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

எழுந்தபோது அண்ணாச்சி வாசலைப் பார்த்துக் கேட்டார்: "வாராவன்னு சொன்னியளே, ஆளைக் காணோமே?"

"வருவாங்க. கொஞ்சம் பின்தங்கிட்டாங்க," என்றேன். பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் எனக்குத் துளியும் இல்லை.

அதற்கப்புறம் வாரம் ஒரு தரமாவது போகிறேன். காப்பி சுமாராக இருந்தால் என்ன, பெஞ்சு நன்றாக இருக்கிறது. போன திங்கட்கிழமை நான் டபராவில் ஆற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. யார்டில் கோணிச் சாக்குத் தைக்கிற பெண்கள் மூன்று பேர். ஊசியும் சணலும் இடுப்பில் செருகியபடி, உள்ளே வரலாமா என்று ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் நின்றவள் என்னைக் கை காட்டினாள்.

"அந்தம்மா குந்திகினு கீதே. நாங்களும் குந்தலாமில்ல?"

அண்ணாச்சி அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் தாயி, பின்னால வாராவன்னு நீங்க சொன்னது இவியளத்தானா?" என்று கேட்டார்.

"ஆமாம் அண்ணாச்சி," என்றேன். "இவங்களைத்தான்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெஞ்சைத் துடைத்தார்.

அக்கா, இனி எந்தக் கடையிலும் திரைக்குப் பின்னால் நான் உட்கார மாட்டேன். கூட யார் என்று கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன், கண்ணை இமைக்காமல். நானும் ஒரு நாள் உன் பின்னால வர்றேன். ஆனால் அவசரப்படுத்தாதே. எண்ணூர்ப் பக்கம் புதுசாக இரண்டு மூன்று கடைகள் வந்திருக்கின்றனவாம். ஒன்று விடாமல் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் வருவேன், வந்து எப்படி இருக்கிறதென்று சொல்வேன்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
ஜெபமணி