இரண்டாம் தரம் கேட்காத ஊர்

வெள்ளி, மே 16

காலையில் குளிர். பிறகு நல்ல வெயில். தங்கச்சி வதனி நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். விடியவே எழும்பி, கூட்டுவதற்கு முற்றம் எங்கே என்று தேடினாள். நான்காம் மாடியில் முற்றமாவது!

கோடைக்குக் கோடை யாராவது பேர்லின் பார்க்க வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் நோகிறது. இன்று வதனிக்குச் சொன்னவை, அடுத்தவருக்கும் உதவும்:

– தெரு கடக்கும் விளக்கில் சிவப்பு மனிதன் எரிந்தால் நில். தெரு வெறுமையாக இருந்தாலும் நில். பக்கத்தில் சின்னப் பிள்ளை நின்றால் கட்டாயம். இல்லாவிட்டால் தாய்க்காரி பேசுவாள், பேசுவதும் நியாயம்.
– ரயிலுக்கு ரிக்கற் வாங்கினால் மட்டும் போதாது. ஏறமுன் பெட்டியில் விட்டு முத்திரை குத்த வேண்டும். பரிசோதகர் சாதாரண உடுப்பில் வருவார்.
– சிவப்புக் கல் பாதை சைக்கிளுக்கு. அதில் நின்று படம் எடுக்கக் கூடாது. (மாலையில் எடுத்தாள். மணி அடித்தார்கள். சிரித்துக் கை காட்டினாள்.)
– கடையில் தண்ணீர் கேட்டால் சோடாதான் வரும், வாயு இல்லாதது என்று சொல்லிக் கேள்.

கால் வீக்கம். நான் வேலை செய்யும் கின்டர்கார்டன் சமையலறையில் இன்று இரண்டு பேர் லீவு.

சனி, மே 17

மழைத் தூறல். கடை, கடை, கடை. நாளைக்கு எல்லாம் பூட்டு என்றதும் வதனி, “ஞாயிற்றுக்கிழமை என்ன, ஊரடங்கோ?” என்றாள். சம்பலும் இன்றே அரைத்தாயிற்று. ஞாயிறு மிக்ஸி போட்டால் சத்தம் என்று கீழ்வீட்டுக்காரர் ஏறி வருவார்.

நாளை பெரிய நாள். மகள் கீர்த்தி கட்டப்போகும் ஜொனாஸின் தாய் தகப்பன் வீட்டுக்கு முதல் தரம் போகிறோம். போட்ஸ்டாம். மூன்று மணிக்குக் கோப்பியும் கேக்கும். பதிவுத் திருமணம் செப்டம்பரில் என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஒரே ஆசை, கோயிலிலும் வைத்துத் தாலி கட்ட வேண்டும். கீர்த்திக்கும் ஜொனாஸுக்கும் சம்மதம். ஆனால் அவன் பெற்றோரிடம் நான்தான் பேச வேண்டுமாம். நாளை அவர்கள் இருவரும் வரவில்லை, பெரியவர்கள் மட்டும்.

வதனிக்கு இன்னொன்று: அழைத்த வீட்டுக்குப் பிந்தவும் கூடாது, முந்தவும் கூடாது.

ஞாயிறு, மே 18

வெயில். முந்திப் போய்விட்டோம். தெரு முனையில் நான், இவர், வதனி மூவரும் பட்டுச் சேலை, கோட்டுடன் காவல் நின்றோம். நாய் கூட்டிப் போனவர்கள் எல்லாம் வணக்கம் சொன்னார்கள்.

தாயின் பெயர் கரீன். பள்ளிக்கூட ரீச்சராக இருந்தவ. தகப்பன் அதிகம் கதைக்கவில்லை, நல்ல முகம். தோட்டத்தில் மேசை. ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக், அவவே சுட்டது. வதனிக்கு நீட்டினா. வதனி நம் வழக்கப்படி, “வேண்டாம், வேண்டாம்” என்று கையை ஆட்டினாள். கரீன் தலையாட்டிவிட்டுத் தட்டை இவருக்கு நீட்டினா. அவ்வளவுதான். பிறகு வதனியைக் கேட்கவே இல்லை. பாவம், கடைசிவரை கோப்பியும் கையுமாகக் கேக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இதைச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

பிறகு கரீன், நான் வாய் திறக்கமுன், தானாகவே கேட்டா: கோயிலிலும் சடங்கு செய்ய விருப்பமா, அப்படியென்றால் தாங்களும் வரலாமா என்று. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. நான் சொன்ன பதில்: “ஐயோ, வேண்டாம், உங்களுக்கு ஏன் வீண் சிரமம்.” அவ ஒரு நிமிடம் என்னைப் பார்த்தா. சரி என்றா. பேச்சு ரோசாச் செடிக்குப் போய்விட்டது.

திரும்பும் ரயிலில் வதனி, “என்னக்கா, ஒருக்கா வேண்டாமெண்டா விட்டிடுவினமோ?” என்று கேட்டாள். நானும் இவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், பசித்தால் முதல் தரமே ஓம் சொல்லப் பழகு என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினேன். பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கள், மே 19

மழை. வேலை. உருளைக்கிழங்கு சூப், பிள்ளைகள் பாதிக்கு மேல் மிச்சம் விட்டார்கள்.

மத்தியானம் கீர்த்தியின் ஃபோன். ஏரிக்கரை உணவகம் ஒன்றைக் கரீன் பார்த்துவிட்டாவாம், பதிவு முடிந்ததும் அங்கே சாப்பாடு, அத்துடன் எல்லாம் முடிவு. நான் சும்மா மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன்.

“அம்மா, நீங்கள்தானே வேண்டாமெண்டு சொன்னனீங்கள். அவை அதை அப்பிடியே நம்பீட்டினம்.”

முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறேன். வெட்கம். இவரிடம் சொன்னால், “விடுமப்பா, இனிப் போய்க் கேட்டா அவை என்ன நினைப்பினம்” என்கிறார். வதனி அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் போய் வந்துவிட்டாள், ரிக்கற்றும் குத்தினாளாம். அவள் தேறிவிடுவாள்.

செவ்வாய், மே 20

இவருடன் பேச்சுவார்த்தை குறைவு. கரீனுக்குச் செய்தி அனுப்பினேன், ஒரு சின்ன விஷயம், வரலாமா என்று. சொல்லாமல் போய் மணி அடிக்க ஏலாது, பக்கத்து வீடு என்றாலும் டெர்மின், முன்கூட்டியே குறித்த நேரம், வேண்டும். நாளை நான்கு மணி என்று பதில்.

ஊ-பான் என்ற நிலக்கீழ் ரயிலின் நகரும் படியில் வலப்பக்கம் நிற்க வேண்டும். இதையும் வதனிக்குச் சொல்ல வேண்டும்.

புதன், மே 21

காற்று. தனியாகப் போனேன். வழியெல்லாம் ஜெர்மன் வசனம் பாடமாக்கினேன், கதவு திறந்ததும் எல்லாம் பறந்துவிட்டது.

உட்கார முன்பே சொன்னேன்: “ஞாயிறு நான் வேண்டாம் என்றது உண்மை இல்லை. எனக்கு வேண்டும். மிகவும் வேண்டும்.” எங்கள் ஆட்கள் முதல் தரம் மறுப்பார்கள், நீங்கள் திரும்பக் கேட்பீர்கள் என்று காத்திருப்பார்கள், வதனிக்கும் அன்று நல்ல பசி என்றெல்லாம் விளக்கினேன்.

கரீன் கதிரையை இழுத்து என்னை இருத்திவிட்டுச் சொன்னா. அன்று நான் அப்படிச் சொன்னபோது, தங்களைக் கோயிலுக்குள் எடுக்க எங்களுக்கு விருப்பமில்லை என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்களாம். தன் கணவருக்கு மனம் நொந்துவிட்டதாம். அதனால்தான் அவசரமாக உணவகம் பார்த்தார்களாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவவின் கண்ணும் கலங்கியிருந்தது.

பிறகு கோயிலில் தங்களுக்கு என்ன வேலை என்று கேட்டா. கன்னிகாதானத்தைச் சொன்னேன். நாங்கள் மகளின் கையைப் பிடித்துத் தருவோம், நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கரீன் கேட்டா. முகத்தில் சிரிப்பே இல்லை.

“அதற்கும் நான் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா?”

“இல்லை, கரீன். அதை உடனே வாங்கிக்கொள்ளுங்கள்.”