கட்டைக் காளான்

பெரியவளின் அம்மாவுக்கு,

ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டதா? நான் சௌக்கியம், என் புத்தியால் பல் ஒன்றுதான் ஆடுகிறது. இங்கே வேலைக் கொட்டகையில் நாங்கள் காயவைக்கிற மருந்துக் காளானைக் கறிக்கு ஆகும் என்று நினைத்து வறுத்துக் கடித்தேன். கட்டை மாதிரி இருந்தது. கொட்டகையே சிரித்தது.

“அதைத் தின்னக் கூடாதுண்ணே, காய்ச்சிக் குடிக்கணும்” என்றாள் பொட்டலம் கட்டும் பெண். முன்காலத்தில் காட்டில் பட்டமரத்தில் முளைத்ததைத் தேடியெடுத்து, சீவி, வெகுநேரம் கொதிக்கவைத்து, உடம்பு தளர்ந்தவர்களுக்குக் கொடுப்பார்களாம்.

உனக்கு ஒரு பை அனுப்புகிறேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடி, மாத்திரையை நிறுத்தாதே. உன் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்பு. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பி.கு.: உனக்கான பையைக் கட்டும்போது, “அண்ணிக்கு யாருண்ணே காய்ச்சிக் கொடுப்பாங்க?” என்று அந்தப் பொட்டலம் கட்டும் பெண் கேட்டாள். “அவளே பாத்துக்குவா, கெட்டிக்காரி” என்று சிரித்துவைத்தேன். நான்தான் பக்கத்தில் இருந்து காய்ச்சிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.