முட்டைக்கு முந்தின கேள்வி

மார்ச் 10, திங்கள்

மழை. வில்லியே லே பெல் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை, ஆர்.இ.ஆர். ரயில் இருபது நிமிஷம் தாமதம். பாரிஸில் ஸ்டாலின்கிராட் மெட்ரோவில் இறங்கும்போதே ஷூவுக்குள் தண்ணீர்.

ஸ்தாஜ், அதாவது படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலை, மூன்றாவது வாரம். உதவிச் சங்க ஆபீஸ், மூன்றாம் மாடி, ஆறு பேர், ஒரே ஹீட்டர். இன்றைய வேலை: கேள்வித்தாள் மொழிபெயர்ப்பு. வன்னியில் எங்கள் சங்கம் கோழி கொடுத்த குடும்பங்களிடம் கேட்பதற்கு. முப்பது கேள்வி, பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு. அடுத்த மாதம் ஒரு ஸ்தாஜியேர் அங்கே போகணும். ஒன்று நான், இல்லை எதிர் மேஜைப் பெண் கமீல். டைரக்டர் எலேன் இன்டர்வியூவிலேயே சொன்னாள், தமிழ் தெரிந்தவள் நீதான் போவாய் என்று. அதை நம்பித்தான் வேறொரு இடத்தில் கிடைத்த ஸ்தாஜை வேண்டாம் என்றேன்.

இங்கே எல்லாரும் எல்லாரையும் 'நீ'. டைரக்டரையும். எனக்கு வாய் வரவில்லை. இந்த நோட்டில் மட்டும் 'அவள்'.

வாங்க: குடை. சித்திக்குக் கறிவேப்பிலை. சாக்ஸ்.

மார்ச் 11, செவ்வாய்

பதினெட்டு கேள்வி முடிந்தது. படித்துப் பார்த்தால் பயமாக இருக்கு. பாதி என் பாண்டிச்சேரிப் பேச்சு, பாதி அகராதி. வன்னியில் யாருக்குப் புரியும்?

மூணு மணிக்கு லூயி-பிளாங் தெரு. நான் ரோல்ஸ் வாங்கும் இலங்கைத் தமிழர் கடை. சமையல்கட்டில் யோகா அக்கா, முப்பத்தைந்து வயசிருக்கும், முல்லைத்தீவுப் பக்கம். மத்தியானக் கூட்டம் போய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அஞ்சு நிமிஷம் தாங்க என்று கேட்டேன். காது தந்தார், கை நிற்கவில்லை.

'தங்களது வாழ்வாதார மேம்பாடு' என்று தொடங்கினேன். சிரித்துவிட்டார். இஞ்சை ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்லை என்றார். வரிவரியாகத் திருத்தினோம். பதினாலாவது: வாரத்துக்கு எத்தனை முட்டை?

வெங்காயம் நின்றது.

"என்ர தங்கச்சிக்கும் பத்துக் கோழி குடுத்தவை. உங்கட ஆக்கள் இல்லை, வேற ஆக்கள். மாரிக்கு முதலே எல்லாம் செத்துப் போச்சு. பிறகு வந்து எத்தினை முட்டை எண்டு கேட்டவை. கோழி இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

தங்கச்சி என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரம் வந்து கேக்கினம், ஒண்டுமில்லை எண்டு சொல்ல வெக்கம். கிழமைக்கு இருபது எண்டு சொல்லிப் போட்டாள்."

எங்கள் கேள்வித்தாளை முப்பது வரைக்கும் புரட்டினேன். முட்டை எத்தனை, யார் விற்கிறார்கள், மனசு எவ்வளவு தெம்பாக இருக்கு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள். கோழி இருக்கா என்று எங்கேயும் இல்லை.

எழுதிச் சேர்த்தேன், பிரெஞ்சிலும். பதினாலுக்கு முன்னால். 'நாங்கள் தந்த கோழியள் இப்ப இருக்கோ? இல்லையெண்டால் என்ன நடந்தது?'

கறிவேப்பிலை மறந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

வெயில், ஆனால் குளிர்.

எலேன் அந்தக் கேள்வியை எடுக்கச் சொன்னாள். நிதி தருகிறவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட தாளாம், ஒரு கமா கூட மாறக் கூடாதாம். நான் யோகா அக்காவின் தங்கச்சி கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். அது 'அனெக்டோட்' என்றாள், ஒரு ஆள் கதை, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாதாம். அப்புறம் குரல் இறங்கியது. யோசித்துப் பார்த்தாளாம். கமீல் போவதுதான் நல்லது.

ஏன் என்றேன். நீ தமிழ், உனக்கு அங்கே நெருக்கம் அதிகம், நடுநிலை வேண்டும் என்றாள்.

நான் இலங்கையை மேப்பில்தான் பார்த்திருக்கிறேன். பாண்டிச்சேரிக்கும் அதுக்கும் நடுவில் கடல் இருக்கு. அவர்கள் பேசுவதே பாதிதான் எனக்குப் பிடிபடும். எல்லாம் சொன்னேன். நான் சொல்ல வருவது உனக்குப் புரியும் என்றாள். புரியவில்லை என்றேன். நன்றாகவே புரிந்தது.

"தமிழ் தெரியும்னுதான் எடுத்தே. இப்போ தமிழ்ங்கறதால வேணாம்ங்கறே."

பிரெஞ்சில் சொன்னேன். முதல் தடவை 'நீ' வந்தது. தடுமாறாமல் வந்தது.

டாய்லெட்டில் பத்து நிமிஷம். அழுகை இல்லை. 

மார்ச் 13, வியாழன்

தலைவலி. வீட்டில் சித்தியிடம் சொன்னேன். சர்ட்டிபிகேட் வாங்கும்வரை வாயை மூடு என்றார். இருபது வருஷம் மேரியில், நகராட்சி ஆபீஸில், வேலை பார்த்தவர், காகிதம்தான் உலகம். அவர் சொல்வதும் தப்பில்லை. ஸ்தாஜ் கையெழுத்து இல்லாமல் செமஸ்டர் போகும்.

எலேன் ஒரு தாள் நீட்டினாள். தமிழ் வடிவம் முழுமையானது, சரியானது என்று நான் கையெழுத்துப் போடணும். கேள்வியைச் சேர்த்தால் போடுகிறேன் என்றேன். சேர்க்காவிட்டால்? மாட்டேன்.  அக்கவுண்ட்ஸ் பெர்னார் காபிக் கப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் கமீல் என் மேஜைக்கு வந்தாள். போவது தன் யோசனை இல்லை என்றாள். தெரியும் என்றேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. அது சரியில்லைதான்.

மார்ச் 14, வெள்ளி

பத்து மணி: நிதி தருகிறவர்களின் ஆள் வந்தார். நரைத்த தாடி, சைக்கிள் ஹெல்மெட். எலேன் ஸ்லைடு போட்டாள். சிரிக்கும் பெண்கள், கூடை, முட்டை. கடைசியில் அவர் பொதுவாகக் கேட்டார், யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா? வழக்கமாகக் கேட்கிற கேள்வி. யாரும் பதில் சொல்லுவதில்லை.

கை தூக்கினேன்.

எலேன் மணி பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. பிரெஞ்சில் ஆண்பால் பெண்பால் எல்லாம் தப்பு. சொன்னது இவ்வளவுதான்: கோழி உயிரோடு இருக்கா என்று நாம் கேட்கவே இல்லை. கேட்காமல் முட்டையை எண்ணினால், வெட்கத்துக்குச் சொல்கிற பொய்தான் கணக்கில் வரும்.

 அவர் எலேனிடம் திரும்பினார்.

"இருக்கின்றனவா?"

எலேனுக்குத் தெரியவில்லை. 'கோழிகளைப் பின்தொடரும் ஏற்பாடு' என்று ஏதோ தொடங்கி முடிக்கவில்லை.

கேள்வி சேர்ந்தது. கையெழுத்துப் போட்டேன். போவது கமீல்தான். அதில் மாற்றமில்லை.

வயிறு காலி. இரண்டு ரோல்ஸ், நின்றபடியே.

மார்ச் 18, செவ்வாய்

இனி எனக்கு: பழைய ஃபைல் ஸ்கேன் செய்வது. கூட்டங்களுக்கு வரத் தேவையில்லை. ஜன்னல் இல்லாத அறை. ஒன்பது பெட்டி.

கமீல் பெட்டி தூக்க வந்தாள், கேட்காமலே. அந்த ஒரு கேள்வியையாவது தமிழில் என் வாயால் கேட்கணும், சொல்லித் தா என்றாள். மூணு மணிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு யோகா அக்காவிடம். கமீலுக்கு ழ வரவில்லை. கோளி, கோளி.

"பரவாயில்லை. அங்கையும் அரைவாசிப் பேர் கோளிதான்."

கேள்வி சேர்ந்த கதையைச் சொன்னேன். பெரிசாக ஒன்றும் சந்தோஷப்படவில்லை. கேக்கட்டும், சனம் வாய் திறக்குமோ எண்டது வேற கதை என்றார். பிறகு கமீல் வைத்திருந்த தாளின் பின்பக்கத்தில் தங்கச்சியின் ஊரையும் பேரையும் தானே எழுதினார். முதலில் அவளிடம் போகச் சொன்னார். உங்கள் கோழி இல்லாவிட்டாலும் இவள் கேட்டால் தங்கச்சி மறைக்க மாட்டாள், அதைப் பார்த்து அக்கம்பக்கமும் பேசும், நான் போன் எடுத்துச் சொல்லி வைக்கிறேன் என்றார்.

போகாததில் வருத்தம் இருக்கு. இல்லை என்று எழுத மாட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

காற்று. ஆறாவது பெட்டி.

நாலு மணிக்கு எலேன் கூப்பிட்டாள். நடுக்கால மதிப்பீடு, காலேஜுக்குப் போகிற படிவம். நேரம் தவறாமை: நன்று. மொழி: மிக நன்று. அறிவுறுத்தல்களை ஏற்பது: சிரமப்படுகிறார். கீழே 'மாணவரின் கருத்து', நாலு கோடு. எழுதுவது கட்டாயமில்லை, கையெழுத்து மட்டும் போதும் என்றாள், பேனாவை நீட்டியபடி.

அந்த மூன்றாவது வரியைக் குறித்து எழுதினேன், ஒரே வார்த்தை: உண்மைதான்.