முன்கூட்டிச் சொன்ன நன்றி

மார்ச் 3, திங்கள்

மாலையில் அலுவலகப் படி இறங்கும்போது கீழ்க்கடைத் தையற்காரர் கடை பூட்டிக் கிடந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பூட்டுத்தான். மனைவியை டயாலிசிஸுக்குத் தலைநகர் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார். இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிறார்கள். பஸ் மாறி பஸ் மாறிப் போகும் பயணமே அந்த அம்மாவை உருக்கிவிடுகிறது, இன்னும் ஒரு வருடம் இப்படி ஓட உடம்பு தாங்காது என்று மருத்துவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டாராம்.

நம் ஊர் மருத்துவமனையில் இரண்டாம் மாடி முழுக்கக் காலி. உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே இயந்திரங்களை வைக்க ஒரு சின்ன மசோதா, பட்ஜெட்டில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அதைத்தான் நான் இந்த வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சட்டசபையில் என்னைக் கண்டாலே "டயாலிசிஸ் டீச்சர் வர்றாங்க" என்கிறார்கள். சொல்லட்டும்.

மார்ச் 6, வியாழன்

வாத்தியார் வேலையில் இருந்தபோது சட்டமன்றம் என்றால் நாள் முழுக்க வாதம் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஊர்களுக்கான சிறிய மசோதாக்களுக்கு அதெல்லாம் கிடையாது. கூட்டத்தொடரின் கடைசி நாளில், இந்த வருடம் 27ஆம் தேதி, ஒரே மூச்சில் வாசித்து நிறைவேற்றிவிடுவார்கள். ஆனால் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து ஆட்சேபணை என்று சொல்லிவிட்டால் அந்த மசோதா அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

எங்களுக்கு அந்த ஒருவர் பக்கத்துத் தொகுதிக்காரர். எதற்கும் எழுந்து நிற்பார். அவருக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் ஆட்சேபம். இன்று உணவறையில் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்து, "இயந்திரம் எங்க ஊருக்குத்தான் வரணும் டீச்சர், நான் எழுந்திரிப்பேன்" என்று சொல்லிவிட்டு நிதானமாகச் சாப்பிட்டார். அவர் ஊரிலும் நோயாளிகள் இருக்கிறார்கள். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 9, ஞாயிறு

தொகுதி மக்களுக்கு வருடா வருடம் வசந்தத்தில் அனுப்பும் அறிக்கையை எழுதி முடித்தேன். பள்ளிக் கழிப்பறைகளுக்குப் பட்ஜெட்டில் பணம் வந்தது. பேருந்து நிலையக் கூரைக்குப் பாதி வந்தது. எந்தப் பாதிக்குக் கூரை போடுவது என்று இனிமேல்தான் சண்டை. நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கும்.

டயாலிசிஸ் பக்கத்தை மட்டும் இரண்டு விதமாக எழுதினேன். நிறைவேறினால் ஒன்று, நிறைவேறாவிட்டால் ஒன்று. கடைசி நாள் முடிந்ததும் எது உண்மையோ அதை அச்சுக்குக் கொடுக்கலாம். நிறைவேறினால் போக வேண்டிய பக்கத்தில், "பக்கத்துத் தொகுதி உறுப்பினரின் பெருந்தன்மை இல்லாமல் இது நடந்திருக்காது, முடிந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை நன்றி சொல்லுங்கள்" என்று எழுதி, அவர் அலுவலகத் தொலைபேசி எண்ணையும் போட்டேன்.

வீட்டுக்காரர் படித்துவிட்டு, "இந்த ஆளுக்கு எதுக்கு நன்றி?" என்றார். அன்றைக்கு அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே அது பெரிய உதவிதானே என்றேன். "உனக்கு மனசு பெருசு" என்றார். கிண்டல்தான். ஆனாலும் பிடித்திருந்தது.

மார்ச் 10, திங்கள்

இரண்டு பிரதியையும் உதவியாளரிடம் கொடுத்தேன். பார்த்து, பத்திரமாக வையுங்கள் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

காலையில் தபால்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கு என்று கேட்டேன். "என் மாமியாருக்கும் டயாலிசிஸ்தாங்க. சாதிச்சிட்டீங்க" என்றார். பையிலிருந்து என் அறிக்கையை எடுத்து என்னிடமே காட்டினார்.

நிறைவேறியது. அப்படித்தான் அச்சில் இருக்கிறது. என் படத்தோடு.

படியேறி ஓடினேன். மேலே போனால் உதவியாளர் முகத்தில் ஈயாடவில்லை. இவருக்கு அவசரம் என்று வீட்டுக்காரர் சும்மாவா பெயர் வைத்தார்? அச்சகத்தில் வேலை குறைவாக இருந்ததாம், இப்போதே கொடுத்தால் தபாலுக்குச் சீக்கிரம் போகுமே என்று நினைத்தாராம். மேலே இருந்த பிரதியை எடுத்துக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமையே பாதி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவரைப் பார்த்துக் கத்தினேன். இதுவரை யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. பிறகு வெட்கமாகப் போயிற்று. இரண்டு பக்கத்தையும் ஒரே உறையில் போட்டது யார்? நான்தானே? நடக்காததை நடந்ததாக எழுதி வைத்தது யார்?

நாள் முழுக்கத் தொலைபேசி. எல்லாம் வாழ்த்து. ஒருவர் அழுதார்.

மார்ச் 18, செவ்வாய்

முதலில் தையற்காரர் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையும். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கட்டிலில் சாய்ந்துகொண்டு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

நின்றுகொண்டே சொன்னேன். இன்னும் நிறைவேறவில்லை, தப்பாக அச்சாகிவிட்டது, 27ஆம் தேதிதான் தெரியும், நிறைவேறாமலும் போகலாம். தையற்காரர் அளவு நாடாவைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றிய நாடாவையே அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

அக்காதான் பேசினார். "அய்யய்யோ, நான் சனிக்கிழமையே அந்தப் பக்கத்துத் தொகுதிக்காரருக்குப் போன் பண்ணிட்டேனே டீச்சர். அரை மணி நேரம் பேசினேன். என் கஷ்டம் எல்லாத்தையும் சொல்லி, நீங்க நல்லாருக்கணும்னு சொன்னேன். பாவம், அந்த மனுஷன் ஒண்ணுமே பேசல."

திட்டியிருந்தால் தேவலை. தேநீர் கொடுத்து அனுப்பினார்கள்.

மார்ச் 19, புதன்

ஒரு பக்கத்தில் திருத்தம் எழுதினேன். "மசோதா நிறைவேறவில்லை. நிறைவேறியதாக நான் அனுப்பியது தவறு. மன்னியுங்கள். நன்றிக்குரியவர் என்று நான் குறிப்பிட்ட உறுப்பினர் இதுவரை எந்த வாக்கும் தரவில்லை. தர வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை."

கட்சியிலிருந்து போன். திருத்தம் எல்லாம் எதற்கு, எல்லோரும் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இனி அவர் எப்படி எழுந்திருப்பார், இதுவும் நல்லதுக்குத்தான், வாயை மூடிக்கொண்டிருங்கள் என்றார்கள். ஒரு நிமிடம் எனக்கும் ஆசை வந்தது. பொய் சொல்லமாட்டேன், பலமான ஆசைதான். அக்கா முகம் வேறு கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் அந்த அக்காவிடம் ஒன்றும் ஊரிடம் ஒன்றுமா சொல்வது?

அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர், நான், அவசரம் மூன்று பேரும் உட்கார்ந்து மடித்தோம். அவசரம் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மடித்தார். சிரிப்பு வந்துவிட்டது. என்னை விட்டுப் போகாமல் இருக்கிறாரே, அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

ஆட்சேபத்தின் அறைக்கு நானே போனேன். மேசை மேல் என் அறிக்கை, அவர் பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு. கதவை மூடச் சொன்னார்.

"நல்லா வலை விரிச்சீங்க டீச்சர். ஊரையே ஏவி விட்டு எனக்கு நன்றி சொல்ல வெச்சா நான் வாயடைச்சுப் போயிடுவேன்னு நெனச்சீங்களா?"

வலை இல்லை, தவறு என்றேன். திருத்தம் அனுப்பிவிட்டதாகவும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். "27ஆம் தேதி பாருங்க" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். கழிப்பறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். போச்சு, எல்லாம் என்னாலதான் போச்சு.

மார்ச் 22, சனி

திருத்தம் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கிறது. திட்டு வரும் என்று காத்திருந்தேன். சிலர் திட்டினார்கள். ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் அலுவலகத்துக்கே வந்து, "தப்புன்னு எழுத்துல குடுத்த ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் கூட உட்காராமல் போய்விட்டார். இந்த ஊர் எனக்குச் செய்யும் உபகாரத்துக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?

தையற்காரர் படியேறி வந்து ஒரு செய்தி சொன்னார். அக்கா மறுபடியும் ஆட்சேபத்துக்குப் போன் பண்ணியிருக்கிறார். "தெரியாம நன்றி சொல்லிட்டேங்க. ஆனா சொன்னது சொன்னதுதான், திருப்பி வாங்கிக்க மாட்டேன். நீங்க ஆட்சேபணை சொன்னாலும் அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாராம்.

தையற்காரர் வேண்டாம் என்று தடுக்கப் பார்த்தாராம். "அவ எங்க கேக்கறா?" என்றார்.

மார்ச் 26, புதன்

நாளைக்கு. சாப்பிடப் பிடிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

வரிசையாகவே எழுதுகிறேன்.

மதியத்துக்கு மேல் ஊர் மசோதாக்களை வாசிக்கத் தொடங்கினார்கள். ஒரு பாலம், ஒரு சந்தை, ஒரு கல்லூரியின் பெயர் மாற்றம். யாரும் எழவில்லை. பிறகு எங்கள் மருத்துவமனையின் பெயர் வந்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆட்சேபம் எழுந்தார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். சபாநாயகர் தலையைக் கூட நிமிர்த்தாமல், பழக்க தோஷத்தில், "ஆட்சேபணை, குறித்துக்கொள்ளவும்" என்று சொல்லிவிட்டார்.

"ஆட்சேபணை இல்லைங்க" என்றார் அவர்.

சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றினார். இல்லையென்றால் எழுந்திருக்கவே வேண்டாமே என்றார். "தெரியுங்க. இல்லைன்னு நான் சொன்னது குறிப்புல ஏறணும்" என்று சொல்லி ஏறியதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சபை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன், அதையும் எல்லோரும் பார்த்தார்கள். பரவாயில்லை.

தாழ்வாரத்தில் ஓடிப் போய்ப் பிடித்தேன். வாயைத் திறக்கும் முன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க திருத்தம் என் கைக்கு வரலேன்னா நான் ஆட்சேபணைதான் சொல்லியிருப்பேன். அதத் தெரிஞ்சுக்குங்க." கொஞ்சம் நடந்தார். "எனக்கு வர்ற போன் எல்லாம் திட்டறதுக்குத்தான் டீச்சர். அதுதான் எனக்குப் பழக்கம். அந்தம்மா திருப்பி வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க. நான் அத என்ன பண்றது?"

தன் ஊர் ஆட்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்றார். உண்டு என்றேன். அடுத்த வருடம் அவர் ஊர் மசோதாவில் முதல் கையெழுத்து என்னுடையது என்றும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, கார் காத்திருக்கிறது என்று போய்விட்டார்.

ஏப்ரல் 2, புதன்

வீட்டுக்காரர் அவரை இனி ஆட்சேபம் என்று கூப்பிடமாட்டாராம். வேறு பெயரும் கிடைக்கவில்லையாம். யோசித்துக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 15, திங்கள்

இன்று இரண்டாம் மாடியில் முதல் நாள். திறப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊசி போடும் நேரத்தில் அங்கே எதற்குக் கூட்டம்? காலையில் கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன். அக்கா ஜன்னலோரம் படுத்திருந்தார். அடுத்த கட்டிலில் பக்கத்துத் தொகுதியிலிருந்து வந்த பெரியவர். இருவரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தொந்தரவு செய்யாமல் வந்துவிட்டேன்.

மூன்று மணி சுமாருக்குப் பக்கத்துத் தொகுதிக்காரர் போன் பண்ணினார். அவராகப் பண்ணியதே இல்லை. என்ன விஷயம் என்றேன்.

"உங்க தையற்காரர் சம்சாரம் கூப்பிட்டாங்க."

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். தொண்டையைச் செருமினார்.

"மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டாங்களாம். வெளியில இன்னும் வெயில் அடிக்குதாம். மிச்ச நாளை என்ன பண்றதுன்னு தெரியல, அதான் உங்களக் கூப்பிட்டேன்னாங்க."

அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"எனக்கும் தெரியல டீச்சர். அதான் உங்களக் கூப்பிட்டேன்" என்றார்.